தாய்ப்பாலில் எந்தக் கொழுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளை பெற்ற வீட்டில் பச்சை உடம்புக்காரியின் தட்டைச் சுற்றித்தான் எல்லாப் பேச்சும். நெய் ஊற்று, பூண்டு வதக்கு, பால்சுறா வாங்கி வா. அதில் கொழுப்பை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

தாய்ப்பால் 100 மில்லியில் மூன்றரை முதல் நான்கு கிராம் வரை கொழுப்பு உண்டு. குழந்தைக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய பாதி அதிலிருந்துதான் வருகிறது. அம்மா எவ்வளவு நெய் ஊற்றிக்கொண்டாலும் இந்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. மாறுவது கொழுப்பின் வகை. திரும்பவும் சொல்கிறேன், அளவு அல்ல, வகை. நேற்றுச் சாப்பிட்ட எண்ணெய் இன்றைய பாலில் தெரியும். உடம்பில் முன்பே சேர்ந்த கொழுப்பும் கரைந்து பாலில் கலக்கும். அதனால் ஒருநாள் பத்தியம் போதாது, வாராவாரம் வேண்டும்.

குழந்தையின் எலும்புக்கு இதில் என்ன? கொழுப்பு வகைகளில் ஒமேகா-6, ஒமேகா-3 என்று இரண்டு உண்டு. ஒமேகா-6 கொழுப்பிலிருந்து உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்கிறது. அது அளவாக இருந்தால் எலும்பு கட்டும் செல்கள் வேலை செய்யும். மிஞ்சினால் எலும்பைக் கரைக்கும் செல்கள் கிளம்பிவிடும். ஒமேகா-3 அதை அடக்கி வைக்கும். பாலூட்டும் எலியின் தீவனத்தில் இந்த இரண்டின் விகிதத்தை மாற்றினால், குட்டி வளர்ந்து பெரிதான பிறகும் எலும்பில் வித்தியாசம் தெரிகிறது. மனிதக் குழந்தைகளில் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே "இந்த மாத்திரையால் பிள்ளை உயரமாகும்" என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

சமையலறைக்கு வருவோம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் ஒமேகா-6, ஒமேகா-3 இல்லையென்றே சொல்லலாம். அதையே எல்லாவற்றுக்கும் ஊற்றாமல் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். நாளைக்கு மொத்தம் 30 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன். வனஸ்பதியும், பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெயும் வேண்டாம். டிரான்ஸ் கொழுப்பு அப்படியே பாலில் இறங்கும்.

இப்போது மீன். பால் ஊறச் சுறாப்புட்டு என்பது நம் சென்னையில் ஊறிப்போன வழக்கம். ஆனால் சுறா பெரிய மீன், பிற மீன்களைத் தின்று வளர்வது. பாதரசம் அதன் சதையில்தான் சேர்கிறது. போதாததற்கு, அதன் கொழுப்பு ஈரலில் இருக்கிறது, சதையில் அல்ல. நாம் தேடும் ஒமேகா-3 காசிமேட்டு மீன் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மத்தி மீனில் இருக்கிறது. பருவத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 வகை 200 மில்லிகிராம் போதும். வாரம் இரண்டு வேளை மத்தியோ கானாங்கெளுத்தியோ சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். குழம்பாக வையுங்கள். பொரித்தால் மீனின் கொழுப்பு வெளியேறி, வாணலி எண்ணெய் உள்ளே போகும். நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் சேரும். மத்தி வாடை பிடிக்கவில்லையா? புளியும் பூண்டும் கூட்டுங்கள், ஆனால் மத்தியை விடாதீர்கள்.

சைவர்களுக்கு: ஆளி விதை நல்லது, ஆனால் அது பாலில் டி.எச்.ஏ.வைக் கூட்டாது. பாசியிலிருந்து எடுக்கும் டி.எச்.ஏ. மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நேரம் முடிகிறது என்கிறார்கள், கடைசி விஷயத்தைச் சுருக்குகிறேன். பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு, வெயில் கொளுத்தும் சென்னையிலும் அப்படித்தான். குழந்தைக்கு ஒரு வயது வரை தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து தேவை. பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு வேறுபடும், ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்று படித்த பிறகே ஊற்றுங்கள். வணக்கம்.