சல்சா கற்கத் தனியாகக் கிளம்புகிறவருக்கு எந்த ஊர்?

நண்பர்களே, வணக்கம்.

"சல்சா நடனம் கற்றுக்கொள்ள வெளிநாடு போகலாம் என்றிருக்கிறேன். கூட வர ஆள் இல்லை. கியூபாவின் ஹவானா நல்லதா, கொலம்பியாவின் காலி நல்லதா?" இந்தக் கேள்வியை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். கேட்கிறவர் முகத்தில் ஆசையும் தெரியும், தயக்கமும் தெரியும். நான் உடனே ஊர்ப் பெயர் சொல்வதில்லை. "திரும்பி வந்தபின் எங்கே, யாரோடு ஆடப்போகிறீர்கள்?" என்று கேட்பேன். அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஆட்ட முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முறை முடிவானால் ஊர் தானே வந்து நிற்கும்.

சல்சா என்ற ஒரே பெயருக்குள் பல ஆட்டங்கள் இருக்கின்றன. இசை எல்லாவற்றுக்கும் பொது. எட்டு எண்ணிக்கை. ஒன்று இரண்டு மூன்று என்று மூன்று அடி, நான்கில் அடி இல்லை. ஐந்து ஆறு ஏழு என்று மூன்று அடி, எட்டில் அடி இல்லை. இதுவரைக்கும் சண்டை கிடையாது. ஆனால் அந்த ஆறு அடியை நேர்கோட்டில் வைப்பதா, வட்டமாகச் சுற்றி வைப்பதா, எந்த எண்ணிக்கையில் உடல் திசை மாறுவது என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் வேறு. லாஸ் ஏஞ்சலஸ் முறையில் முதல் எண்ணிக்கையில் திசை மாறும். அதை ஆன்-1 என்கிறார்கள். நியூயார்க் முறையில் இரண்டிலும் ஆறிலும் மாறும், அது ஆன்-2. இந்த இரண்டு முறையிலும் ஜோடி ஒரே கோட்டில் முன்னும் பின்னும் போய்வரும். கியூபாவின் காசினோ ஆட்டம் அப்படி இல்லை, இருவரும் ஒருவரை ஒருவர் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கொலம்பியாவின் காலி நகரத்து ஆட்டமோ கால்களின் ஆட்டம். மேலுடம்பு அமைதியாக இருக்க, கீழே பாதங்கள் பறக்கும்.

உங்கள் ஊரில் எல்லாரும் ஆன்-1 ஆடுகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ஹவானாவில் இரண்டு வாரம் உழைத்துக் காசினோ கற்று வருகிறீர்கள். திரும்பி வந்து ஆடுகிற முதல் நாளே தெரிந்துவிடும். உங்கள் கை வட்டத்துக்குக் கூப்பிடும், எதிரே இருப்பவர் கோட்டில் நடப்பார். இது யாருடைய தவறும் இல்லை. அதற்காக ஹவானா போகாதீர்கள் என்று சொல்லவில்லை; எதைக் கற்கப் போகிறோம் என்று தெரிந்து போங்கள் என்கிறேன். என் முதல் பயணத்தில் இது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு நாளில் மூன்று ஊர் சுற்றினேன், மூன்று ஊரிலும் வகுப்புக்குப் போனேன், மூன்று விதமான அடிப்படை அடி (பேசிக் ஸ்டெப்) கற்றேன். திரும்பி வந்தபோது ஒன்றும் காலில் தங்கியிருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளையும் ஒரே ஊரில் கழித்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது உட்கார்ந்த இடத்திலேயே ஒரு காரியம் செய்வோம். மனசுக்குள் ஒன்று முதல் எட்டு வரை சீராக எண்ணுங்கள். ஒன்றில் ஒரு தட்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நட்டநடுவில் ஒரு தட்டு. நான்கில் ஒரு தட்டு. ஐந்தில் சும்மா இருங்கள். ஆறில் ஒன்று, ஏழில் ஒன்று. எட்டில் சும்மா. மறுபடியும்... ஆம், அதுதான். இந்த ஐந்து தட்டுக்குக் கிளாவே என்று பெயர். இரண்டு மரக் குச்சிகளைத் தட்டி வாசிப்பார்கள். சில பாட்டுகளில் மூன்று தட்டு முதலில் வரும், சிலவற்றில் இரண்டு தட்டு முதலில் வரும். குச்சிச் சத்தம் காதில் விழாத பாட்டிலும் மற்ற வாத்தியங்கள் இதை மனசில் வைத்துத்தான் வாசிக்கின்றன. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து கிளம்பும் நாள்வரை தினமும் பத்து நிமிடம் பாட்டுக்குக் கிளாவே தட்டிப் பாருங்கள். காது பழகிப் போனால், அங்கே போனதும் காலுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

ஹவானாவில் 1950களில் மன்றங்களில் கூடி ஆடியவர்களின் ஆட்டம்தான் காசினோ. காசினோ தெபோர்த்திவோ என்ற மன்றத்தின் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கே பிறந்த ருவேதா என்ற வட்ட ஆட்டத்தைப் போலத் தனியாக வந்தவரை அரவணைக்கும் ஆட்டம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஜோடிகள் எல்லாரும் ஒரு பெரிய வட்டமாக நிற்பார்கள். ஒருவர் குரல் கொடுப்பார். "தாமே!" என்றால் "எனக்குக் கொடு" என்று பொருள். அந்தக் குரல் விழுந்ததும் லீடர்கள், அதாவது ஜோடியில் ஆட்டத்தை வழிநடத்துகிறவர்கள், எல்லாரும் கையிலிருந்த ஜோடியை விட்டு அடுத்தவர் கையைப் பிடிப்பார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் நீங்கள் வட்டத்தில் இருக்கும் பலரோடும் ஆடியிருப்பீர்கள். யாரிடமும் போய் "என்னோடு ஆடுகிறீர்களா" என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று கூச்சம் உள்ளவர்களுக்குத்தான் தெரியும்.

கியூபாவில் காசா பார்ட்டிகுலார் என்ற பெயரில் குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகின்றன. தனியாகப் போகிறவர் அங்கே தங்குவது நல்லது. நீங்கள் இரவு திரும்பி வந்தீர்களா என்று கவனிக்க ஒரு வீடு இருக்கும். ஆனால் அங்கே மக்கள் படும் பாட்டையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். மின்வெட்டு கடுமையானது. 2024 அக்டோபரில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது, அதற்குப் பிறகும் அப்படி நடந்திருக்கிறது. அமெரிக்க வங்கி அட்டைகள் அங்கே செல்லாது. வேறு அட்டை வைத்திருப்பவரும் கையில் ரொக்கம் இல்லாமல் போகக் கூடாது. இசையின் வேரைத் தேடுகிறவர் தீவின் கிழக்கே சாந்தியாகோ தே கூபாவுக்கும் போகலாம். சோன் என்ற மூத்த இசை அந்தக் கிழக்குப் பகுதியில் வளர்ந்தது. அங்கே காசா தே லா த்ரோவா என்ற இசைக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டால் சல்சா எங்கிருந்து வந்தது என்று காதுக்கே புரியும்.

காலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். உலகச் சல்சாத் தலைநகரம் என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அந்த ஊரில் நடந்து பார்த்தவர் அதை மறுக்க மாட்டார். அங்கே இசை வளர்ந்தது மேடையில் அல்ல, இசைத்தட்டில். நியூயார்க்கிலிருந்தும் கரீபியனிலிருந்தும் வந்த தட்டுகளை அந்த ஊர் மக்கள் தங்கள் வேகத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு ஆடினார்கள். பாட்டு பறந்தது, கால்களும் கூடவே பறக்கப் பழகின. காலி ஆட்டத்தில் பாதம் ஏன் அவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு ஊர்க்காரர்கள் இன்றும் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

அங்கே ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஓடு பதித்த தரை, ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் வேகத்தைப் பிடிக்க முயன்று முயன்று அடியைப் பெரிதாக வைத்துக்கொண்டே போனேன். ஆசிரியை பாட்டை நிறுத்தினார். கீழே குனிந்து சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கட்டம் போட்டார். என் இரண்டு பாதமும் கொள்கிற அளவுதான், அதற்கு மேல் ஒரு விரல் இடம் இல்லை. "இதற்குள்" என்றார். பாட்டு மறுபடி ஓடியது. கட்டத்துக்குள்ளேயே ஆடியபோதுதான் புரிந்தது: வேகம் வருவது அடியைச் சுருக்கும்போது. குதிகாலைத் தரையில் ஊன்றாமல், உடல் பாரத்தைப் பாதத்தின் முன்பகுதியிலேயே வைத்துக்கொண்டால் அடுத்த அடி தானாக வருகிறது. அந்தக் கட்டம் நான்கு நாளில் கால் பட்டுப் பட்டு அழிந்துபோனது. அதற்குப் பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை.

காலிக்கு எப்போது போவது? டிசம்பர் 25 முதல் 30 வரை ஊர்த் திருவிழா. 25ஆம் தேதி சல்சோத்ரோமோ என்ற பெரிய ஊர்வலம். சல்சாப் பள்ளிகளின் ஆட்டக்காரர்கள் கூட்டங்கூட்டமாகத் தெருவில் ஆடிக்கொண்டு போவார்கள். வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஆனால் கற்க நினைக்கிறவர் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களே ஊர்வலத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். கற்பதற்கு விழா இல்லாத சாதாரண வாரம்தான் ஏற்றது. அப்படிப்பட்ட வாரத்தின் ஞாயிறு மாலையில் வியெஹோதேக்கா என்ற கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். முதியவர்கள் பழைய பாட்டுக்கு ஆடுகிற இடம் அது. அறுபது எழுபது வயதுக்காரர்கள் நன்றாக உடுத்தி வந்து ஆடுவார்கள். அவர்களோடு ஒரு பாட்டு ஆடினால் போதும், பொறுமையான ஆட்டம் எப்படி இருக்கும் என்று உங்கள் தோளுக்கே தெரியும். தனியாக வந்த புதியவருக்கு இரவு விடுதியைவிட அது நூறு மடங்கு இதமான இடம்.

போர்த்தோரிக்கோவின் சான் ஹுவானையும் நியூயார்க்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான் ஹுவானில் சாந்துர்ஸே பகுதியில் லா பிளசித்தா என்ற சந்தைச் சதுக்கம் இருக்கிறது. பகலில் காய்கறிச் சந்தை, வார இறுதி இரவில் தெருவெல்லாம் ஆட்டம். அந்தத் தீவு அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி என்பதால் அமெரிக்க விசா விதிகளே அங்கும் பொருந்தும். இதை மறந்துவிட்டுத் திட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் சூறாவளிக் காலம், அது கியூபாவுக்கும் சேர்த்துத்தான். நியூயார்க்கில் 1940களின் கடைசியிலிருந்து 1966 வரை பல்லேடியம் நடனக்கூடத்தில் சல்சாவுக்கு முந்தைய மேம்போ ஆட்டம் கொடிகட்டிப் பறந்தது. 1964இல் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் சல்சா என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. ஆன்-2 முறையை வகுப்பறைப் பாடமாக ஒழுங்குபடுத்தியவர்களில் நியூயார்க் நடன ஆசிரியர் எட்டி டோரஸின் பெயர் முதலில் வரும். ஏற்கெனவே ஓரளவு ஆடத் தெரிந்தவர், திருப்பங்களைச் செதுக்க விரும்புகிறவர், தங்கும் செலவைத் தாங்கக்கூடியவர் என்றால் நியூயார்க். முதல் அடி வைக்கப்போகிறவரை நான் அங்கே அனுப்ப மாட்டேன்.

இனி, தனியாகப் போவது பற்றி. ஜோடி இல்லாமல் போனால் வகுப்பில் என்ன செய்வது என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். பொதுவகுப்புகளில் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஜோடியாக வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவரே ஆடிப் பழகி ஒருவர் குறையை மற்றவர் மூடிவிடுகிறார்கள். தனியாக வந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் பத்துக் கைகளின் அழுத்தம் தெரிந்துவிடும். ஆனாலும் பள்ளியில் சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். பொதுவகுப்பில் லீடரும், அவரைப் பின்தொடர்ந்து ஆடும் ஃபாலோயரும் சம எண்ணிக்கையில் வருகிறார்களா? மாணவர்களை வாரத்தில் ஒரு இரவாவது சேர்த்து ஆடக் கூட்டிப்போகிறீர்களா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று சொல்கிற பள்ளி, சுமாரான பள்ளியாக இருந்தாலும், உங்களுக்கு அதுதான் நல்ல பள்ளி. இரவு நடனத் தளத்தில் முதல் முறை தனியாக நுழைவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தெரிந்த நான்கு முகத்தோடு நுழைந்தால் அந்தப் பாரம் இல்லை.

பணம் கொடுத்து ஒரு ஆட்டக்காரரைத் தளத்துக்குத் துணையாக அழைத்துப் போகும் வழக்கமும் உண்டு. அதில் கூச்சப்பட எதுவும் இல்லை, அது அவர்கள் தொழில். நேரம், தொகை, எங்கே முடிகிறது என்பதை முன்னாலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். பேச்சு பள்ளி வழியாக நடந்தால் இன்னும் நல்லது.

இரவைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் ஒரு வழக்குச் சொல் உண்டு: "நோ தார் பப்பாயா". பப்பாளியைக் கொடுக்காதே என்பது நேர்ப்பொருள். அடுத்தவன் கைவரிசை காட்ட நீயே வாய்ப்புக் கொடுக்காதே என்பது கருத்து. தெருவில் போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். குடிக்கிற கோப்பையைக் கண் பார்வையிலிருந்து விடாதீர்கள். பானத்தில் மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பது அங்கே உண்மையாகவே நடக்கிறது. ஆடப் போகும்போது கோப்பையை மேசையில் விட்டுவிட்டால், திரும்பி வந்து அதைத் தொட வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியைத் தெருவில் நின்று கைகாட்டாமல், உள்ளே இருந்தபடியே ஏற்பாடு செய்யுங்கள். அறை எடுக்கும்போது, பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள்.

தளத்தில் யார் கை நீட்டினாலும் ஆடியே ஆக வேண்டும் என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை. தலையசைத்து மறுக்கலாம். பாதிப் பாட்டில் பிடி இறுகுகிறது, நெருக்கம் பிடிக்கவில்லை என்றால் நன்றி சொல்லி விலகலாம். குறிப்பாகப் பெண்கள் இதை மனசில் பதித்துக்கொண்டு போக வேண்டும், விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்ல அவர்கள். அதேபோல் நீங்கள் கேட்டு ஒருவர் மறுத்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எத்தனை நாள்? குறைந்தது இரண்டு வாரம், ஒரே ஊர். காலையில் ஒரு மணி நேரம் தனிவகுப்பு, மாலையில் பொதுவகுப்பு, நடுவில் நல்ல உறக்கம். ஐந்தாம் ஆறாம் நாளில் முழங்கால் கெஞ்சும், மனசும் சோரும், முதல் நாளைவிட மோசமாக ஆடுவது போலிருக்கும். டிக்கெட்டை மாற்றலாமா என்று தோன்றுவது அன்றைக்குத்தான். ஒரு நாள் ஓய்வு எடுங்கள், ஊரைச் சுற்றிப் பாருங்கள், மறுநாள் திரும்பப் போங்கள். ரப்பர் அடி போட்ட காலணி தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். மெல்லிய தோல் அடி உள்ளதை இங்கிருந்தே எடுத்துப்போங்கள்.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போய் இறங்குங்கள். திங்கள் வகுப்பு, செவ்வாய் வகுப்பு. புதன் இரவு பள்ளிக்காரர்களோடு தளத்துக்குப் போங்கள். இரண்டு பாட்டு ஆடினால் போதும், மீதி நேரம் ஓரமாக நின்று கிளாவேயைக் காதில் பிடித்துக்கொண்டு நல்ல ஆட்டக்காரர்களின் பாதத்தைப் பாருங்கள். அடுத்த புதன் அதே தளத்துக்குப் போகும்போது வாசலில் நிற்பவர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார். உள்ளே, போன வாரம் நீங்கள் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்திருந்த யாரோ ஒருவர் எழுந்து வந்து கையை நீட்டுவார்.