கொள்கை பேசும் உடுப்புகள்: செலவு யார் தலையில்?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்.

உடுப்புக் கொம்பனிகள் அரசியல் பேசலாமா, பேசினால் வாடிக்கையாளர் கூடவே நிற்பாரா, விட்டுப் போய்விடுவாரா? இதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் திருகோணமலையில் வணிகக் கல்வி படிப்பிப்பவன். மத்திய வீதியில் புடவைக் கடை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளும், கட்டுநாயக்கவில் காமென்ட் வேலைக்குப் போன அக்காமாரின் தம்பி தங்கைகளும் என் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியை விற்கிறவர் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்க என்னால் முடியாது.

கடைக்காரர் அரசியல் நிலைப்பாடு எடுப்பது நமக்குப் புதிய விடயம் இல்லை. ஹர்த்தால் நாளில் கடையைத் திறப்பதா பூட்டுவதா என்பதே ஒரு நிலைப்பாடுதான். 2005 மே மாதம் நகர பஸ் நிலையத்துக்கு அருகே புத்தர் சிலை வைக்கப்பட்டபோது நடந்த ஹர்த்தாலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஒக்டோபர் 20ஆம் திகதி வடக்குக் கிழக்கு முழுவதும் நடந்தது இளையவர்களுக்கும் ஞாபகம் இருக்கும். மனமொப்பிப் பூட்டியவரும் உண்டு, பயந்து பூட்டியவரும் உண்டு. எப்படியோ, பூட்டினவருக்கு அன்றைய வியாபாரம் போய்விடும். அந்தக் கடையில் நாட்சம்பளத்துக்கு நிற்கும் பெடியனுக்கு அன்றைய சோறும் போய்விடும். ஒரு நிலைப்பாடு எடுக்கப்படும்போது அதற்கான காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்று பார்த்தால் பல விடயம் தெளிவாகும். உலகப் பெரிய பிராண்டுகளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த கதை நைக்கி. அமெரிக்கக் கால்பந்தாட்ட வீரர் கொலின் கேப்பர்னிக், கறுப்பின மக்கள் மீதான பொலிஸ் வன்முறையைக் கண்டித்து 2016இல் தேசிய கீதத்தின்போது முழங்காலில் நின்றார். அடுத்த பருவத்திலிருந்து எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. 2018 செப்டெம்பரில் நைக்கி அவருடைய முகத்தை விளம்பரத்தில் போட்டது. ‘ஒன்றை நம்பு, அதற்காக எல்லாவற்றையும் இழக்க வேண்டி வந்தாலும் சரி’ என்பது அதிலிருந்த வாசகத்தின் கருத்து. கோபப்பட்டவர்கள் தங்கள் சப்பாத்துகளை எரித்து அதை வீடியோவாகவும் போட்டார்கள். பங்கின் விலை முதல் நாள் சுமார் 3 வீதம் விழுந்தது. அந்த மாதம் முடியுமுன்பே அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது. கோபப்பட்டவர்களில் அதிகம் பேர் நைக்கியின் முக்கிய வாடிக்கையாளர்கள் இல்லை. அந்த வாடிக்கையாளர்களான நகரத்து இளைஞர்கள் கேப்பர்னிக் பக்கம்தான் நின்றார்கள். கொம்பனி அதைக் கணக்குப் பார்த்துத்தான் செய்தது என்று நான் நினைக்கிறேன். அதற்காக அந்த விளம்பரத்தைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். எல்லாவற்றையும் இழந்தவர் கேப்பர்னிக் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதே நைக்கியை 2021இல் சீனாவில் பாருங்கள். சிஞ்சியாங் மாகாணத்தில் உய்குர் முஸ்லிம்கள் பருத்தி வேலையில் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்தது. அதைப் பற்றிக் கவலை தெரிவித்து முன்பு அறிக்கை விட்டிருந்த பிராண்டுகள் மீது அந்த வருடம் மார்ச் மாதம் சீனாவில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அதிகம் அடிபட்டது சுவீடனின் எச் அண்ட் எம். இணையக் கடைகளிலிருந்து அதன் பொருட்கள் தூக்கப்பட்டன, கைபேசி வரைபடத்தில் தேடினால் அதன் கடைகளே தெரியவில்லை. சில நாட்களில் எச் அண்ட் எம் இன்னோர் அறிக்கை விட்டது. சீன வாடிக்கையாளரின் நம்பிக்கையைத் திரும்பப் பெற விரும்புவதாக அதில் இருந்தது. சிஞ்சியாங் என்ற பெயர் அதில் இல்லை. நைக்கியின் தலைவரோ அந்த ஜூன் மாதம், நைக்கி சீனாவுக்கே உரிய, சீனாவுக்கான பிராண்ட் என்று சொன்னார். அமெரிக்காவில் ஒரு கறுப்பின வீரருக்குப் பேசிய வாய் இது.

இங்கேதான் வாடிக்கையாளர் மனம் விடுகிறார். தன் கருத்துக்கு மாறாக ஒரு கடை நடந்தால் ஆள் கொஞ்ச நாள் கோபிப்பார், அப்புறம் துணி நன்றாயிருந்தால் திரும்பியும் வருவார். சொன்னதை விழுங்கிவிட்டதைக் கண்டவர் அப்படி வருவதில்லை. பின்வாங்கின கொம்பனிக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்காது.

பட்டகோனியா என்ற அமெரிக்க நிறுவனம் வேறு மாதிரி. மலையேறுபவர்களுக்கான உடுப்புச் செய்கிறார்கள். 2011இல் ‘இந்த ஜக்கெட்டை வாங்காதீர்கள்’ என்று தங்கள் ஜக்கெட்டின் படத்தையே நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் முழுப்பக்கம் போட்டார்கள். தேவையில்லாமல் வாங்கிக் குவித்து இயற்கையை அழிக்காதீர்கள் என்பதுதான் செய்தி. 2017 டிசெம்பரில் ட்ரம்ப் யூட்டா மாநிலத்தில் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்பைக் குறைத்தபோது, ‘ஜனாதிபதி உங்கள் நிலத்தைத் திருடிவிட்டார்’ என்று தங்கள் இணையத்தளத்தின் முகப்பில் எழுதினார்கள். எழுதியதோடு நிற்காமல் வழக்குக்கும் போனார்கள். 2022இல் நிறுவனர் இவோன் சுயினாட்டின் குடும்பம் கொம்பனியின் உரிமையையே ஓர் அறக்கட்டளைக்கும் சுற்றுச்சூழலுக்கான ஓர் அமைப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது. செலவு அவர்களுடைய சொந்தப் பையிலிருந்து போகிறது. அந்த வாடிக்கையாளர்கள் பழைய ஜக்கெட்டைத் தைத்துத் தைத்துப் போடுகிறார்கள் என்றால் அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

காந்தி 1927 நொவெம்பரில் இலங்கைக்கு வந்ததும் ஒரு துணிக்காகத்தான், கதர் நிதி சேர்க்க. யாழ்ப்பாணத்திலும் பேசினார். அதற்கு ஆறு வருடம் முன்பே மதுரையில் தன் உடுப்பை அரைவேட்டியாகக் குறைத்துக்கொண்டவர். தான் கட்டியதைத்தான் மற்றவரிடம் கட்டச் சொன்னார்.

இனி என் மனதை அதிகம் வருத்துவது. இத்தாலியின் பெனற்றன், அரசியல் விளம்பரத்துக்கே பேர்போன பிராண்ட். எயிட்ஸ் நோயாளி, போர், இனவெறி என்று ஒன்றையும் விடவில்லை. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் மரண தண்டனைக் கைதிகளின் முகங்களைப் போட்டு, சியர்ஸ் என்ற பெரிய கடைத் தொகுதியின் ஒப்பந்தத்தையே இழந்தார்கள். அந்த இழப்பை அவர்களே தாங்கினார்கள், அதை மதிக்கிறேன். பிறகு 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்தது. 1,134 பேர் செத்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டிருந்தார்கள். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. தைக்கிற பிள்ளைகளை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். எங்களுக்குத் தொடர்பில்லை என்று பெனற்றன் முதலில் சொன்னது. இடிபாட்டுக்குள் அதன் லேபிள் போட்ட சேட்டுகள் கிடந்த படங்கள் வந்தன. பிறகுதான் அங்கே ஓர் ஓடர் கொடுத்திருந்ததாக ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கு 11 இலட்சம் டொலர் கொடுத்தது 2015இல், இரண்டு வருடம் கழித்து. உலகத்துக் கைதிகளின் முகமெல்லாம் தெரிந்த கொம்பனிக்குத் தன் சேட்டைத் தைத்தவரின் முகம் தெரியவில்லை.

2020இலும் இதே கூத்து. கொரோனா வந்ததும் பிராண்டுகள் ஓடர்களை நிறுத்தின, சில, தைத்து முடித்ததற்கும் காசு தரவில்லை. பங்களாதேஷில் மட்டும் 300 கோடி டொலருக்கு மேற்பட்ட ஓடர்கள் இப்படிப் பாதிக்கப்பட்டதாக அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஜூன் மாதம் கறுப்பின மக்களுக்கு ஆதரவு என்று சமூக ஊடகங்களில் கறுப்புச் சதுரப் படம் போட்டவர்களில் உடுப்புப் பிராண்டுகளும் பல.

நம் பிள்ளைகளுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. கிழக்கிலிருந்தும் பிள்ளைகள் அங்கே போய்ப் போடிங்கில் இருந்து வேலை செய்கிறார்கள். மனித உரிமை நிலைமையைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் இலங்கைக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகையை நிறுத்தி 2017 மேயில் திருப்பிக் கொடுத்தது. அந்த நிலைப்பாட்டில் எனக்குப் பெரும் உடன்பாடு உண்டு. ஆனாலும் அதன் பாரம் தையல் லைன் வரை இறங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. சில கடைகளின் மேல் அரசியல் வெளியிலிருந்து சுமத்தப்படுகிறது. 2013 மார்ச்சில் கொழும்புக்கு அருகே பெப்பிலியானவில் பஷன் பக் என்ற உடுப்புக்கடை நிறுவனத்தின் களஞ்சியத்தை ஒரு கும்பல் தாக்கியது. உரிமையாளர்கள் முஸ்லிம்கள் என்பதுதான் காரணம். 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளைப் புறக்கணி என்ற பிரசாரம் நாடு முழுக்கப் பரவியது. ஒரு கொம்பனி செய்ததற்காக அதை விட்டு விலகுவது வாடிக்கையாளரின் உரிமை, காசாவுக்காகச் சில பிராண்டுகளை நம்மவர் பலர் விட்டதை நான் அப்படித்தான் மதிக்கிறேன். ஒருவர் பிறந்த இனத்துக்காக அவரிடம் வாங்காமல் விடுவது தண்டனை. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் ஒரே தெருவில் பொங்கலுக்கும் பெருநாளுக்கும் சித்திரைக்கும் துணி எடுக்கும் திருகோணமலையில் இந்த இரண்டையும் குழப்பவே கூடாது.

வீட்டில் யாராவது காமென்டில் வேலை செய்தால் ஒரு காரியம் செய்து பாருங்கள். நைக்கி 2005இல் தன் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட்டது, எச் அண்ட் எம் 2013இல் வெளியிட்டது. இப்போது பல பிராண்டுகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. உங்கள் மகள் வேலை செய்யும் இடம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தப் பிராண்ட் தொழிலாளர் உரிமை பற்றி எழுதி வைத்திருப்பதை வாசித்து, அதில் எவ்வளவு நடக்கிறது என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்வதை அந்தப் பிராண்டுக்கு எழுதுங்கள். அவளுடைய பெயரை மட்டும் போட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.