பூனைக்குத் தெரியாத பாடம்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் குறைவு, வணக்கம் இவ்வளவுதான்.

பேரிடர்ப் பாடம் பிள்ளைகளைக் காக்குமா, கலக்குமா? காக்கும் என்பது எங்கள் அணி. கலக்கும் என்று பேசிய எதிரணித் தலைவர், போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்: "நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் புகணுமாம். இதற்கொரு பாடமா? பூனைக்கே தெரியுமே!" கைத்தட்டலும் வாங்கிவிட்டார்.

ஐயா, பூனைக்குப் புகத் தெரியும், பிடிக்கத் தெரியாதே! தரை குலுங்கும்போது மேசை நின்ற இடத்தில் நிற்காது. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு அது தனியே நகர்ந்துவிடும். அப்புறம் பெயர்ந்து விழுவதெல்லாம் தலையில்தான். அதனால் மண்டி போடணும், தலையும் கழுத்தும் மேசைக்குள் வரணும், ஒரு கையால் பிடரியைப் பொத்தணும், மறு கையால் மேசைக் காலைப் பிடிக்கணும். மேசை நகர்ந்தால் கூடவே நகரணும். ஜன்னலோர மேசை ஆகாது, கண்ணாடி சிதறும். குலுக்கல் அடங்கும் முன்னே படிக்கட்டுக்கு ஓடக் கூடாது. இத்தனையும் பூனைக்குத் தெரியுமென்றால், அடுத்த தடவை உங்கள் அணிக்கு அதையே தலைவராகப் போடுங்கள்!

பூனையை இன்னும் விடமாட்டேன். தீப்பிடித்த அறையில் புகை மேலே ஏறும். பிள்ளை தவழ்ந்து வெளியேறணும். சரி. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால்? குளோரின் கசிந்த இடத்தில் தவழ்கிற பிள்ளைக்குத்தான் முதல் அடி. அது காற்றைவிடக் கனம், தரையோடு தரையாய்ப் படரும். அங்கே மேட்டுக்கு ஏறணும், காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகணும். 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் கனமான வாயுதான். உயரம் குறைந்த பிள்ளைகள் அதிகம் சுவாசித்தார்கள். ஓடியவர்கள் மூச்சிரைத்து இன்னும் அதிகமாக உள்ளே இழுத்தார்கள். "ஆபத்து வந்தா ஓடு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இதுதான் கதி.

சுனாமிக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரை. டில்லி ஸ்மித், 10 வயது இங்கிலாந்துச் சிறுமி. தண்ணீர் வருகிறது, வருகிறது, திரும்பிப் போகவே இல்லை. மேலே நுரை பொங்குகிறது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் இதைப் படித்தாள். கத்துகிறாள். அம்மா நம்பவில்லை. கடைசி வரிசைக்காரர்களுக்காக இன்னொரு தரம்: 10 வயது, இரண்டு வாரப் பழைய பாடம், அம்மா நம்பவில்லை! எந்த அம்மா நம்புவார்? வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்றாலே நோட்டைக் காட்டு என்பவர்களாயிற்றே! அப்பா போய் ஓட்டல் காவலாளியிடம் சொன்னார். கரை காலியானது. அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பிள்ளை கலங்கினாளா என்று கேட்பீர்கள். கலங்கினாள் ஐயா! கலங்கினதால்தானே கத்தினாள்!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒன்றே ஒன்று. 2011 மார்ச் 11, ஜப்பானின் ஓகாவா தொடக்கப் பள்ளி. மதியம் 2:46-க்கு நிலம் குலுங்கியது. பிள்ளைகளைத் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. அதன் சரிவில்தான் அந்தப் பிள்ளைகள் காளான் வளர்த்துப் பழகியிருந்தார்கள். எங்கே போவது என்று பெரியவர்கள் பேசினார்கள், பேசினார்கள், சுமார் 50 நிமிடம். மலைக்குப் போகலாம் என்று கெஞ்சிய பிள்ளைகளும் அந்த வரிசையில் இருந்ததாகத் தப்பிய ஒரு பையன் பிறகு சொன்னான். சுனாமி வந்தது. 74 பிள்ளைகளைக் கொண்டுபோய்விட்டது.

பள்ளிக் கடிகாரம் 3:37-இல் நின்றுவிட்டது.

இப்போது மணியை அடியுங்கள் ஐயா.