நமக்கு நாமே குமாஸ்தா

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நவீன வாழ்க்கையின் சிக்கல்கள் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். தலைப்பைக் கேட்டதுமே நான் என்ன சொல்லப் போகிறேன் என்று ஊகித்திருப்பீர்கள்: உலகம் தலைதெறிக்க ஓடுகிறது, செல்போன் நம்மைக் கெடுத்துவிட்டது, அந்தக் காலத்தில் மனுஷன் நிம்மதியாக இருந்தான், இப்படி ஏதாவது. அதெல்லாம் இல்லை. வேகம் ஒரு பிரச்சினை என்றே எனக்குத் தோன்றவில்லை, வேகமாக நடக்கிற பல விஷயங்கள் நமக்குப் பிடித்துத்தான் இருக்கின்றன. என் புகார் வேறு. நம் நாளில் பெரிய பங்கு குமாஸ்தா வேலையில் போகிறது, அதுவும் சம்பளமில்லாத குமாஸ்தா வேலை. முன்பு வேறு யாரோ செய்துகொண்டிருந்தது, சத்தமில்லாமல் நம் தலையில் இறங்கிவிட்டது.

நேற்று என்னென்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம், அதற்குப் பெயர், வயது, முகவரி எல்லாம் நீங்களே தட்டியிருப்பீர்கள். ஒரு பில் கட்டியிருக்கலாம், ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகி மறுபடியும் முதலிலிருந்து. ஏதோ ஒரு எண்ணுக்கு ஃபோன் செய்து, இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும் என்பதைப் பொறுமையாகக் கேட்டு, நம் பிரச்சினை எந்த எண்ணிலும் அடங்காமல், கடைசியில் இணைப்பே துண்டாகி. நடுவில், கட்டம் கட்டமாக இருக்கிற ஒரு படத்தில் போக்குவரத்து விளக்குகளைத் தொட்டுக் காட்டி, நான் மனிதன்தான் என்று ஒரு இயந்திரத்திடம் நிரூபித்திருப்பீர்கள். இதில் எதுவும் கஷ்டமான வேலை இல்லை. அதனால்தான் இதை யாரும் வேலை என்றே எண்ணுவதில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும், இன்றைக்கு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லையே, பின்னே ஏன் இவ்வளவு அலுப்பு என்று நம்மையே திட்டிக்கொள்கிறோம்.

லாரி டெஸ்லர் என்று ஒரு கணினி அறிஞர் இருந்தார், 2020இல் காலமானார். கட், காப்பி, பேஸ்ட் என்று இன்று எல்லாரும் செய்கிறோமே, அதை உருவாக்கியவர்களில் ஒருவர். ஜெராக்ஸ் ஆய்வு மையத்திலும் ஆப்பிளிலும் வேலை பார்த்தவர். அவர் சொன்னது இதுதான்: எந்த ஒரு காரியத்திலும் ஓரளவு சிக்கல் இருந்தே தீரும், அதற்குக் கீழே குறைக்க முடியாது, அதை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி. செய்து கொடுப்பவர் சுமக்கலாம், இல்லையென்றால் பயன்படுத்துபவர் சுமக்க வேண்டும். ஒரு பொறியாளர் ஒரு வாரம் கூடுதலாக மெனக்கெட்டால் தீர்ந்துவிடும் ஒரு தொல்லைக்காக, பத்து லட்சம் பேரை ஆளுக்கு ஒரு நிமிடம் தினமும் வீணாக்க வைப்பது என்ன நியாயம் என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து லட்சம் நிமிடம் என்பது 694 நாள். ஒரு வார வேலையை மிச்சம் பிடிக்க, ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட இரண்டு வருடத்தை ஊரார் கையிலிருந்து எடுக்கிறார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்தானே என்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை.

அதற்காக முன்பெல்லாம் சொர்க்கமாக இருந்தது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள் நம் உடையைப் பார்த்து, பேச்சைப் பார்த்து, நாளைக்கு வா என்று சொல்லிவிட முடியும். இயந்திரம் அந்த அவமானத்தைத் தருவதில்லை, அது பெரிய விடுதலை, மறுக்கவே முடியாது. கடையில் பொருளை நாமே எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் அப்படி ஒரு கடையைத் திறந்தார். அதுவரை பட்டியலைச் சொன்னால் கடை ஆள் எடுத்துக் கொடுப்பார். ஜனங்களுக்குப் பிடித்தது, விலையும் குறைந்தது. வேலை கைமாறியது, ஆனால் அதற்கு ஈடாக ஏதோ கிடைத்தது. இப்போது நடக்கிற கைமாற்றத்தில் பல நேரம் அந்த ஈடுதான் காணோம். வேலையும் நம்முடையது, சேவைக் கட்டணமும் நம்முடையது.

சரி, இதில் வயதானவர்கள் நிலைமைதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்கிறது. வாழ்நாள் முழுக்கக் கணக்கு வழக்கு பார்த்தவர், குடும்பத்தை நடத்தியவர், பத்து பேருக்கு வழி சொன்னவர், இன்று ஒரு ஆப் முன்னால் உட்கார்ந்து, மகளையோ பேரனையோ கூப்பிட்டு, தம்பி இது என்ன கேட்கிறது பார் என்கிறார். பேரன் மூன்று தட்டில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவர் என்ன நினைக்கிறார் தெரியுமா? எனக்கு வயதாகிவிட்டது, மூளை வேலை செய்யவில்லை என்று நினைக்கிறார். மூளைக்கு ஒன்றும் இல்லை ஐயா. அந்தப் பக்கத்தை அமைத்தவர் பொத்தானைச் சாம்பல் நிறத்தில், சாம்பல் பின்னணியில், எறும்பு அளவு எழுத்தில் வைத்திருக்கிறார், முப்பது வினாடிக்குள் எண்ணைப் போடச் சொல்கிறார். மோசமாகச் செய்த வேலைக்குப் பொறுப்பு செய்தவருக்கு, அதைப் பயன்படுத்த முடியாதவருக்கு இல்லை. அன்றாடச் சிந்தனையில் நாம் எல்லாரும் தினமும் செய்கிற தப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது: அமைப்பின் குறையை நம் குறையாக எடுத்துக்கொள்கிறோம்.

பாஸ்வேர்டு கதையைப் பாருங்கள். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஆச்சரியக்குறியோ நட்சத்திரமோ ஒன்று வேண்டும், அப்புறம் குறிப்பிட்ட நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், இதெல்லாம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வழிகாட்டியிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. எழுதியவர் பில் பர் என்ற அதிகாரி. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பாஸ்வேர்டின் கடைசியில் இருந்த 1 என்ற எண்ணை 2 ஆக்கினார்கள், அடுத்த தடவை 3 ஆக்கினார்கள். திருடனுக்கும் அது தெரியும். 2017இல் அதே நிறுவனம் விதிகளைத் திருத்தியது: எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்தாதே, பாஸ்வேர்டு திருடு போனதற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதே. அதே வருடம், ஓய்வு பெற்றிருந்த பர், தான் செய்ததில் பெரும்பகுதிக்கு இப்போது வருந்துவதாக ஒரு பத்திரிகையிடம் சொன்னார். பதினான்கு வருடம் உலகமே தன் ஞாபகசக்தியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தது! இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் பழைய விதியே ஓடுகிறது, அது வேறு விஷயம்.

இன்னொன்று, 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தான். படித்துவிட்டு அழுத்துகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு ஒரு கும்பிடு. 2008இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள், ஒருவர் தான் போகிற இணையதளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை எல்லாம் ஒழுங்காகப் படித்தால் வருடத்துக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று. ஆகவே படிக்க முடியாது என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், அழுத்துகிற நமக்கும் தெரியும். ஆனாலும் பின்னால் ஏதாவது ஆனால், நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள். பொறுப்பைக் கைமாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

இதெல்லாம் மனதை என்ன செய்கிறது என்றால், முடிக்காமல் விட்ட காரியங்கள் உள்ளே கிடந்து முனகுகின்றன. மனம் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொள்ளக்கூடியது சுமார் நான்கு விஷயம்தான் என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். அந்த நான்கு இடத்தில் ஒன்றில் புதுப்பிக்க வேண்டிய ஏதோ ஒரு அட்டை, இன்னொன்றில் பதில் போடாத ஒரு செய்தி. மிச்ச இடத்தில்தான் பிள்ளையின் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். இதற்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. 2011இல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்ததில், அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது எங்கே செய்வேன் என்று திட்டமாக முடிவு செய்தாலே மனதின் அரிப்பு குறைவதாகத் தெரிந்தது. செவ்வாய் காலை பத்து மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் போதும், அதுவரை மனம் அதை விட்டுவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் தனிமனிதனே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று முடிப்பதில் எனக்கு விருப்பமில்லை. தியானம் செய், பட்டியல் போடு என்று நம்மிடமே திருப்பி அனுப்புவது இன்னொரு கைமாற்றம்தான். நானும் பல வருடம் அலுவலகத்தில் படிவம் தயாரிக்கும் வேலையில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். படிவம் பிறக்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். ஒரு பிரிவு வந்து இன்னொரு கேள்வி சேர்க்கச் சொல்லும், தணிக்கையில் ஏதாவது வந்தால் அதற்கு ஒன்று, எங்கோ ஒரு மோசடி நடந்தால் அதற்கு ஒன்று. சேர்க்கச் சொல்ல ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு. எடுக்கச் சொல்வது மட்டும் யாருடைய வேலையும் இல்லை. 2021இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது, எதையாவது மேம்படுத்தச் சொன்னால் மனிதர்கள் சேர்க்கத்தான் பார்க்கிறார்கள், எடுத்துவிட்டாலே சரியாகிவிடும் இடத்தில்கூட அது தோன்றுவதில்லை என்று. எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆப் அதிகமாகிவிட்டதா, எவ்வளவு நேரம் எந்த ஆப்பில் இருக்கிறோம் என்று அளக்க இன்னொரு ஆப் போட்டுக்கொள்கிற ஆட்கள்தானே நாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் படிவம் எழுதுகிறவர்கள், ஆப் செய்கிறவர்கள், சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள், குறைந்தது ஒரு வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்த பொருளை, உங்களைவிட முப்பது வயது மூத்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். இங்கே அழுத்துங்கள் அம்மா என்று சொல்லக்கூடாது, விரலை நீட்டக்கூடாது. அவர் எங்கே நிற்கிறாரோ அந்தக் கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அலுவலகத்தில் கூட்டம் போட்டு, அதில் எதை எடுத்துவிடலாம் என்று மட்டும் பேசுங்கள். புதிதாக ஒன்று சேர்க்கலாமே என்று யாராவது கை தூக்குவார், அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கேட்டதற்கு நன்றி. வணக்கம்.