சோறு போட்டால் போதுமா?

நடுவர் அவர்களே! "குழந்தைக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பா, பேசும் உரிமையா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வந்தார். "பச்சப்புள்ளைக்கு என்னய்யா தெரியும்? சோறு, துணி, கூரை கொடு, பேச்சை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். கைதட்டலை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை.

ஆனால் ஐயா, அந்த 'அப்புறம்' எவ்வளவு நீளம் தெரியுமா? 65 வருஷம்! எக்லன்டைன் ஜெப் என்ற பெண்மணி எழுதிய, குழந்தை உரிமைகளுக்கான ஜெனீவா பிரகடனம் 1924இல் ஏற்கப்பட்டது. பசித்த பிள்ளைக்கு உணவு, நோயுற்ற பிள்ளைக்குச் சிகிச்சை. முதல் உலகப்போருக்குப் பிறகு பட்டினியில் கிடந்த பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கியவர் எழுதியது. குறை சொல்ல நாக்கு வராது. ஆனாலும் அதில் பிள்ளை வாயே திறப்பதில்லை. கொடுப்பது நாம், வாங்குவது அது. 1989 நவம்பர் 20இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை வந்த பிறகுதான், தன்னைப் பற்றிய விஷயத்தில் பிள்ளை கருத்துச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்று 12ஆம் பிரிவு சொன்னது. பிள்ளை சொன்னதே சட்டம் என்று சொல்லவில்லை; அது எதிரணியின் சொந்தச் சரக்கு.

"பேசவிட்டால் தலைமேல் ஏறிடும்" என்றார் அந்த அணியின் அம்மா. அம்மா, போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் என்றொரு டாக்டர் அநாதை இல்லம் நடத்தினார். அங்கே ஒரு நீதிமன்றம். சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பிள்ளைகள்தான் நீதிபதிகள். ஒரு பையனை அறைந்துவிட்டார் என்று டாக்டர் மேலேயே வழக்கு! நிறுவனரே குற்றவாளிக் கூண்டில். தலைமேல் ஏறினார்களா? அந்த இல்லத்துச் சட்டத்தில் முக்கால்வாசிக்கும் மேலே மன்னிப்புப் பிரிவுகள் ஐயா. பெரியவர்களுக்கான சட்டத்தில் அப்படி உண்டா? 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பியபோது அவரும் கூடவே ரயிலேறினார். பிள்ளை பேச்சைக் கேட்டவர்தான் கடைசிவரை பக்கத்தில் நின்றார்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்கிறீர்களே, அடிக்கிற கையும் சோறு போடுகிற கையும் ஒன்றாக இருந்தால்? அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? அதற்காகத்தானே, நாட்டுக்குள் நியாயம் கிடைக்காவிட்டால் பிள்ளையே ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழுவிடம் முறையிடலாம் என்று, அந்த உடன்படிக்கையோடு சேர்ந்த ஒரு நெறிமுறை 2014இல் நடைமுறைக்கு வந்தது? அதை ஏற்ற நாடுகளில் மட்டும்தான், அதுவும் உண்மை.

மணி அடித்துவிட்டீர்கள். எதிரணித் தலைவரே, பிள்ளைக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் எந்த இடத்தில் மருந்து தடவுவீர்கள்? வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.