எதிரணியின் பாட்டை அச்சடித்தவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் கடலூர் மக்களே, வணக்கம்.

அரசியல் பேச்சில் நாகரிகம் தேய்ந்ததற்குப் பெரிய காரணம் கட்சி சார்ந்த ஊடகங்களா, அவற்றை விரும்பிப் பார்க்கும் மக்களா என்பது தலைப்பு. ஊடகங்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "1944-இல் இதே கடலூரில்தானே பெரியார் மீது செருப்பு வீசினார்கள், அன்றைக்கு எந்த டிவி இருந்தது?" என்று கேட்டார். சரியான கேள்வி. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை அக்கா, மேடைக்கு அன்றைக்கும் செருப்பு வந்தது, வசை வந்தது. ஆனால் அதே பெரியார், கருத்தில் ஆயுள் முழுக்க மோதிய ராஜாஜி 1972-இல் இறந்தபோது, நடக்க முடியாத வயதில் சக்கர நாற்காலியில் போய் நின்று அழுதார். அதைப் பார்த்த தொண்டனுக்கு எதிராளியும் மனுஷன்தான் என்று புரிந்தது.

சார்பாக எழுதுவதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். பாரதியின் 'இந்தியா' பத்திரிகை நடுநிலையா? இல்லவே இல்லை. காங்கிரசுக்குள் தீவிரவாதிகளின் தலைவரான திலகர் பக்கம் நின்றுகொண்டு, ஆங்கிலேயரிடம் மனுப் போட்டே கேட்கலாம் என்ற மிதவாதிகளை வெளுத்து வாங்கியது. 1908-இல் ஆங்கிலேயர் கெடுபிடி தாங்காமல் இதோ பக்கத்துப் புதுச்சேரிக்குப் போய் அச்சானது. அந்தப் பாரதியின் தேசப் பாட்டுகளை 1907-இல் சொந்தக் காசில் அச்சடித்து 15,000 பிரதிகள் இலவசமாகக் கொடுத்தவர் யார் தெரியுமா? வி. கிருஷ்ணசாமி ஐயர், பாரதியின் பேனாவில் அடி வாங்கிய அதே மிதவாத அணிக்காரர். பாட்டைக் கேட்டார், மனசுக்குப் பிடித்தது, அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு ஒரு கட்சி சேனல், எதிர்க்கட்சிக்காரர் பேசியதில் ஐந்து நிமிடத்தை வெட்டாமல் போடுமா?

போடாது. ஒரே மாநாடு, ஒரு சேனலில் மக்கள் கடல், ரிமோட்டை அழுத்தினால் அடுத்ததில் காலி நாற்காலி. இரண்டு கேமராவும் பொய் சொல்லவில்லை, எதைக் காட்டுவது என்று அலுவலகத்தில் உட்கார்ந்தவர் முடிவு செய்கிறார். அப்புறம் ராத்திரி விவாதம். நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஒருவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்தவரைக் கிளப்பி விட்டு, யார் அதிகம் கத்தினாரோ அந்த முப்பது வினாடியை மட்டும் நறுக்கி போனுக்கு அனுப்புகிறார்கள். அவர் எதற்காகக் கத்தினார், அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் பொறுமையாகப் புள்ளிவிவரம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் நறுக்கலில் போய்விடுகிறது.

மக்கள் விரும்புவதைத்தானே கொடுக்கிறார்கள் என்கிறது எதிரணி. திருப்பாதிரிப்புலியூரில் அப்பா டீ குடித்த கடையில் தி.மு.க.வின் முரசொலியும் காங்கிரசின் நவசக்தியும் ஒரே பெஞ்சில் கிடக்குமாம். தன் கட்சிப் பத்திரிகை அடுத்தவர் கையில் இருந்தால், அது காலியாகும் வரை கிடைத்ததைப் புரட்டித்தான் ஆக வேண்டும். திட்டுவதற்காகவாவது எதிராளி எழுதியதை முழுசாகப் படித்தார்கள், படித்ததால் அவர் எழுப்பிய கேள்விக்கே பதில் சொன்னார்கள். அப்பாவும் அவருடைய நண்பரும் எதிரெதிர் கட்சி, நாற்பது வருஷம் சண்டை போட்டார்கள், ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறினார். அதே ஊரில் இன்று என் சித்தப்பா மகனும் நானும் பேசிக்கொள்வதில்லை. காரணம் சொத்து இல்லை, அவன் பார்க்கும் சேனலும் நான் பார்க்கும் சேனலும். நாங்கள் இருவரும் அந்த அப்பாக்கள் வளர்த்த பிள்ளைகள்தானே அக்கா, எங்கள் ரத்தமா மாறிவிட்டது?

நடுவர் அவர்களே, மக்கள் மேல் பழியைப் போட்டுத் தீர்ப்புச் சொல்வதற்கு முன், அந்த பெஞ்சை எடுத்தது யார் என்று மட்டும் ஒரு தடவை யோசித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.