முனகும் ஸ்டியரிங்: பம்பைக் கழற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

காலையில் காரை எடுத்து, வாசலைத் தாண்டி ஒழுங்கைக்குள் வளைக்கிறீர்கள். பொனற்றுக்குள்ளிருந்து ஒரு முனகல் எழுகிறது. ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க அது கூடுகிறது, நேராக்கினால் தணிகிறது. பழைய கார் உள்ள வீடுகளில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்ட உடனேயே அயலில் யாராவது தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்: "பவர் ஸ்டியரிங் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்." அந்த அவசரத் தீர்ப்பை மறுக்கவே இன்று வந்திருக்கிறேன். சத்தம் போடுவது பம்ப்தான். ஆனால் பழுது பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பம்பை மாற்றினால், புதிய பம்பும் சில மாதங்களில் அதே பாட்டைத்தான் பாடும்.

எங்கள் வீதிகளில் பழைய கார்கள் ஓடுவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளி முழுவதும், தொண்ணூறுகளில் செய்யப்பட்ட கொரோலாக்களும் நிசான் சனிகளும் லான்சர்களும் ஹயஸ் வான்களும் குடும்பங்களைச் சுமந்தன, இன்னும் சுமக்கின்றன. அவற்றுக்கு முந்திய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களில் இந்தப் பம்பே கிடையாது. ஒயில் அழுத்தத்தால் ஸ்டியரிங்கை இலகுவாக்கும் முறை 1951இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் இம்பீரியல் காருடன் விற்பனைக்கு வந்து, பிறகுதான் சாதாரண கார்கள்வரை இறங்கியது.

பம்புக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெல்ட் சுழற்ற, உள்ளே ஓர் உருளை சுழல்கிறது. உருளையில் வெட்டிய பிளவுகளில் மெல்லிய உலோகத் தகடுகள் நிற்கின்றன. சுழலும்போது அந்தத் தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, நீள்வட்டமான வளையத்தின் உட்சுவரைத் தொட்டபடி ஒயிலை ஒரு பக்கத்தால் உறிஞ்சி மறுபக்கத்தால் அழுத்தி அனுப்புகின்றன. ஸ்டியரிங் நேராக இருக்கும்வரை ஒயில் எதிர்ப்பின்றிச் சுற்றி வரும். ஒடித்துப் பிடித்தால் பல ஜப்பானிய கார்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலையும் தாண்டும். அந்த வேளையில் தகடும் சுவரும் தேயாமல் காப்பது இடையிலுள்ள மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. பம்புக்கு வேறு மசகு கிடையாது. ஒயில் போதாமல் போனால், அல்லது ஒயிலோடு காற்றும் கலந்து வந்தால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும் குமிழிகள் அழுத்தப் பக்கத்துக்குப் போனதும் நொறுங்குகின்றன. அந்த நொறுங்கலைத்தான் நாம் முனகலாகக் கேட்கிறோம். நீண்ட காலம் விட்டுவைத்தால் அதுவே உலோகத்தை அரித்துக் குழியாக்கும்.

சத்தங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்ததும் "கிரீச்" என்று கத்தி, விட்டதும் நின்றால் அது பெல்ட். ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் உட்புறத்தில் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் பெல்ட்டை இறுக்கவோ மாற்றவோ வேண்டும், அவ்வளவுதான். தெளிக்கும்போது கையையும் சட்டை நுனியையும் சுழலும் கப்பிகளிலிருந்து விலக்கி வையுங்கள். முழு ஒடிப்பின் முடிவில் "உஸ்" என்ற சீறல் கேட்டால் அஞ்ச வேண்டாம். மிகையான அழுத்தத்தை வால்வு திறந்து விடும் இயல்பான சத்தம் அது. ஒடித்தாலும் நேராக்கினாலும் மாறாமல், என்ஜின் வேகத்தோடு சேர்ந்து கரகரவென்று உறுமினால் பம்பின் பெயரிங்கைச் சந்தேகிக்கலாம். பம்புக்குத் தனி பெல்ட் உள்ள வண்டியென்றால் அதைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் என்ஜினை ஓடவிடுங்கள். அப்போதும் உறுமல் இருந்தால் பம்ப் குற்றமற்றது. தனி பெல்ட் இல்லாமல், அதே பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுழற்றும் வண்டியென்றால், ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன முனகலுக்கு வருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மானிப்பாய்ப் பக்கத்திலிருந்து தம் கொரோலாவைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பம்பை மாற்றச் சொல்லி விலையும் சொல்லியிருந்தார்கள். "மாஸ்டர், முதலில் ஸ்டியரிங் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து பார்ப்போம்" என்றேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. தாங்கிக்குள் செந்நிறமாகத் தெளிந்து இருக்க வேண்டிய ஒயில், ஆற்றிய பால் தேநீரின் மேற்பரப்பைப் போல வெளிறி நுரைத்திருந்தது. என்ஜினை நிறுத்தியதும் ஒயில் மட்டம் கண்முன்னே விளிம்பை நோக்கி ஏறியது. ஒயிலுக்குள் காற்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கிக் கிடக்கும் காற்று, நின்றதும் விரிந்து ஒயிலை மேலே தள்ளுகிறது.

"ஒரு சொட்டுக்கூட நிலத்தில் ஒழுகவில்லையே தம்பி, பிறகு காற்று எப்படிப் போகும்?" என்று மாஸ்டர் கேட்டார். நல்ல கேள்வி. தாங்கியிலிருந்து பம்புக்கு ஒயில் இறங்கும் தடித்த ஹோஸ், உறிஞ்சும் பக்கத்தைச் சேர்ந்தது. என்ஜின் ஓடும்போது அதற்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. ஆகவே அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஒயில் வெளியே வருவதற்கு முன் காற்று உள்ளே போகும். ஒழுக்கு இல்லை என்பது அந்த ஹோஸ் நல்லது என்பதற்கு ஆதாரமல்ல. மாஸ்டரின் காரில் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை விரலால் மடக்கினேன். றப்பர் காய்ந்து பலகைபோல விறைத்திருந்தது. கிளிப் கடித்திருந்த இடத்துக்கு அடியில் ஒரு மயிரிழைப் பிளவு. ஒயில் தாங்கும் புதிய ஹோஸ் துண்டும் இரண்டு கிளிப்புகளும் போட்டு, ஒயிலை மாற்றிக் காற்றை வெளியேற்றியதும் முனகல் நின்றுவிட்டது. பம்ப் இன்றும் அதே பம்ப்தான்.

பிளவு கண்ணுக்குத் தெரியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. என்ஜினை ஓடவிட்டு, சந்தேகமான இணைப்பின் மேல் சிறு தூரிகையால் அதே ஒயிலைத் தாராளமாகப் பூசுங்கள். சத்தம் ஒரு கணம் மாறினால் காற்று போகும் வாசல் அதுதான். பம்பில் ஹோஸ் பொருந்தும் குழாயின் அடியிலுள்ள சிறு றப்பர் வளையத்தையும் மறக்காதீர்கள். சில ரூபாய்ப் பொருள் அது. அது காய்ந்து சுருங்கினாலும் இதே முனகல்தான் வரும்.

யாழ் குடாநாட்டில் இந்த உறிஞ்சும் பக்கம் விரைவாகக் கெடுவதற்கு எங்கள் காற்றும் வெயிலுமே காரணம். பண்ணைப் பாலத்தால் தீவகத்துக்கும், பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கும் நாளாந்தம் போய்வரும் வண்டிகளின் கிளிப்புகளில் உப்புக்காற்று துருவை ஏற்றிவிடும். துரு பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் தொடங்கும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. டோர்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள். துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளைப் போடுங்கள். ரேடியேற்றர் ஹோஸை வெட்டி இந்த இடத்தில் மாட்டுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த றப்பர் தண்ணீருக்கானது. ஒயில் பட்டால் ஊதிக் கொழகொழத்து, உள்ளே உதிரவும் செய்யும்.

காற்றுப் புகாமலேயே பம்ப் ஒயிலுக்குத் தவிக்கவும் கூடும். பல தாங்கிகளின் அடியில் நுண்ணிய வலை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் ஒயில் மாற்றாத வண்டிகளில் அதில் கரிய படிவு அடைத்துவிடும். தாங்கியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, நன்கு உலர்த்தி மாட்டினால் போதும். பெரிய செலவில்லை.

ஒயில் குறைந்துகொண்டே போகிறது, நிலத்தில் சொட்டு இல்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, முன்சக்கரங்களை ஒடிக்கும் ஸ்டியரிங் ராக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு றப்பர் உறைகள். கையால் அமுக்கும்போது கனத்துத் தளும்பினால் உள் சீல் போய் ஒயில் அங்கே தேங்குகிறது. மற்றது பழைய டொயோட்டாக்களில் அடிக்கடி காண்பது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது என்ஜின் தளர்ந்து நின்றுவிடாமல் வேகத்தைச் சற்று உயர்த்த, பம்பின் மேலேயே ஒரு சிறு வால்வு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து இரண்டு மெல்லிய றப்பர் குழாய்கள் என்ஜினின் காற்றுப் பாதைக்குப் போகின்றன. அந்த வால்வு பழுதானால் என்ஜினே ஸ்டியரிங் ஒயிலை உறிஞ்சிக் குடித்துவிடும். சைலன்சரில் வெண்புகை வரும். பிஸ்டன் வளையம் போய்விட்டது என்று என்ஜினையே பிரிக்கக் கிளம்புவார்கள்! மெல்லிய குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். அது உலர்ந்திருக்க வேண்டும்; ஈரமாக இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

ஒயில் விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரோன் வகை ஏ.டி.எஃப் (ஓட்டோ கியர் ஒயில்) போதும். ஹொண்டாவுக்கு அதற்கென்றே உள்ள ஸ்டியரிங் ஒயில்தான் வேண்டும். மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். பிரேக் ஒயில் ஒரு சிறு போத்தல் தவறுதலாகப் போனாலும் சீல்கள் ஊதிப் பழுதாகிவிடும். சத்தத்தை அடக்க கியர் ஒயில் ஊற்றும் பழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன். தடித்த ஒயிலை பம்ப் உறிஞ்சத் திணறும். சில நாள் அடங்கும் சத்தம் பிறகு உண்மையான பம்ப் பழுதாகத் திரும்பி வரும். அப்படிச் செய்து விற்கப்பட்ட வண்டியை வாங்கி ஏமாறுபவர்கள் சேமிப்பைக் கொட்டிக் கார் வாங்கிய சாதாரண மக்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

ஓட்டுபவரும் பம்பைக் காக்கலாம். எங்கள் ஒழுங்கைகளில் முன்னும் பின்னும் எடுத்துத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. ஸ்டியரிங்கை இறுதிவரை ஒடித்து அங்கேயே அழுத்திப் பிடிக்காதீர்கள். சக்கரம் சிறிது உருளும்போது ஒடியுங்கள். முடிவுக்கு வந்ததும் நூலிழை பின்னுக்கு விடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சத்தம் நிற்கவில்லை, வெள்ளைத் துணியில் தொட்டெடுத்த ஒயிலில் வெள்ளித் துகள் மின்னுகிறது என்றால், பம்ப் உள்ளே தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றத்தான் வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வரும் பாவித்த பம்பை வாங்கினால், கடையிலேயே அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சீரான இறுக்கத்தோடு சுழல வேண்டும். இடையில் தட்டினாலோ பக்கவாட்டில் ஆடினாலோ வாங்க வேண்டாம். கப்பியின் பின்புறம் ஒயில் கசிந்த அடையாளம் இருந்தாலும் வேண்டாம். மாட்டுவதற்கு முன் பழைய ஒயிலை முழுவதும் வெளியேற்றி, குழாய்களையும் தாங்கியையும் கழுவுங்கள். பழைய துகள் ஒன்று உள்ளே தங்கினாலும் புதிய பம்பை அது அரைத்துவிடும்.

பிறகு முன்சக்கரங்களை ஜாக்கில் உயர்த்தி, தாங்குகட்டைகளில் பத்திரமாக நிறுத்துங்கள். ஒயிலை நிரப்பி, என்ஜினை எழுப்பாமலே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக முடிவுவரை மெதுவாகப் பல தடவை சுழற்றுங்கள். தாங்கியில் குமிழி வருவது நின்ற பிறகே என்ஜினை எழுப்பி, அதே போல மீண்டும் சுழற்றுங்கள். முடிவில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். ஒயில் சூடானதும் மட்டத்தைப் பார்த்துவிட்டு என்ஜினை நிறுத்துங்கள். டொயோட்டாவின் அளவுப்படி, நிறுத்திய பிறகு மட்டம் 5 மில்லிமீற்றருக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. சுழற்றும் வேலையை மறுபடியும் தொடங்குங்கள்.

வணக்கம்.